உறைய வைக்கும் நஞ்சு, உறையாத இரத்தம்

ஐயா, பர்மாவின் பெகு வட்டாரத்தில் நெல் அறுக்க இறங்கிய உங்கள் தங்கை மகனைக் கண்ணாடி விரியன் தீண்டியதையும், ஆஸ்பத்திரியில் அவனுடைய இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்து இருபது நிமிடம் கழித்து ‘உறையவில்லை’ என்று சொன்னதையும், விஷமுறிவு மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் சென்றபின் அதே சோதனையை மறுபடியும் செய்ததையும் எழுதி, மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் எவை? விரியன் நஞ்சு இரத்தத்தைக் கட்டியாக்கும் என்று ஒருவரும், தண்ணீராக்கும் என்று இன்னொருவரும் சொல்கிறார்களே, எது சரி? வைட்டமின் கே ஊசி போட்டிருந்தால் சீக்கிரம் உறைந்திருக்காதா? பையன் பிழைத்து வீடு திரும்பிவிட்டான் என்று படித்தபோது மனம் நிம்மதி அடைந்தது. யாங்கோனில் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதனையே தொழிலாக இருந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன். இரண்டாவது கேள்விக்கு, இருவர் சொல்வதும் உண்மை என்பதுதான் விடை. அது எப்படி என்று விளங்க, முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கினால் எஞ்சும் இளமஞ்சள் நீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். வளர்ந்த ஒருவர் உடலில் அது ஏறத்தாழ 3 லிட்டர் இருக்கும். அதில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை கரைந்திருக்கிறது. உறையும்போது கட்டியாக மாறுவது இந்தப் புரதம்தான். மற்றப் பொருள்கள் எல்லாம் இதை எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு மாற்றுவது என்பதைத் தீர்மானிக்க இருப்பவை. த்ராம்பின் என்ற நொதி ஃபைப்ரினோஜனிலிருந்து மிகச் சிறிய துண்டுகளை வெட்டி நீக்கியதும், அது ஃபைப்ரின் என்ற வேறு பொருளாகி, ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகி, இழைகள் பின்னி வலையாகின்றன. அந்த வலைக்குள் சிவப்பணுக்கள் சிக்கிக்கொள்வதால்தான் உறைவு சிவப்பாகத் தெரிகிறது. உறைதலுக்கு உதவும் பொருள்களை எண்ணிட்டுக் ‘காரணி’ என்று அழைப்பார்கள். பின்னர் பதின்மூன்றாம் காரணி என்ற இன்னொரு நொதி இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்குகிறது. இந்தக் காரணி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் இரத்தக்கசிவு நிற்காமல் தொடர்வதுண்டு.

த்ராம்பின் எந்நேரமும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் உயிர் தாங்காது. ஆகவே அது புரோத்ராம்பின் என்ற செயலற்ற வடிவில்தான் பிளாஸ்மாவில் இருக்கிறது. அதை வெட்டித் த்ராம்பினாக்குவது பத்தாம் காரணி. அந்தப் பத்தாம் காரணியும் செயலற்ற நிலையில்தான் இருக்கிறது. அதைத் தூண்டிவிட ஏழாம் காரணி ஒரு புறமும், எட்டாம், ஒன்பதாம் காரணிகள் இணைந்து மறு புறமும் வேலை செய்கின்றன. செயல்படத் தொடங்கிய பத்தாம் காரணிக்கு ஐந்தாம் காரணி துணை நிற்கிறது. துணை இல்லாவிட்டால் அதன் வேகம் பல்லாயிரம் மடங்கு குறைந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் கால்சியம் வேண்டும். இரத்தம் சேகரிக்கும் பையில் சிட்ரேட் கலந்து வைப்பது, கால்சியத்தைப் பிடித்து வைத்து இரத்தம் உறையாமல் காப்பதற்காகத்தான்.

1905-இல் பால் மோராவிட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஃபைப்ரினோஜன், புரோத்ராம்பின், கால்சியம், திசுவிலிருந்து வரும் தூண்டுபொருள் ஆகிய நான்கை மட்டும் வைத்து உறைதலை விளக்கினார். எஞ்சிய காரணிகளில் பலவும், இரத்தம் நிற்காமல் அவதிப்பட்ட நோயாளிகளின் பிளாஸ்மாவில் என்ன குறைகிறது என்று தேடியபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. தெரிய வந்த வரிசையில் எண் கொடுத்ததால் எண்ணுக்கும் வேலை செய்யும் முறைக்கும் தொடர்பில்லை. ஆறாம் காரணி என்று ஒன்று இன்றைய பட்டியலில் கிடையாது. தனிப் பொருள் என்று எண்ணியது, தூண்டப்பட்ட ஐந்தாம் காரணியே என்று பிறகு தெரிந்ததால் அந்த எண்ணைக் கைவிட்டார்கள். 1964-இல்தான் ஒரு காரணி அடுத்த காரணியைத் தூண்டுகிறது, ஒவ்வொரு படியிலும் அளவு பெருகுகிறது என்ற முழுச் சித்திரத்தை இங்கிலாந்தில் மக்ஃபார்லேனும், அமெரிக்காவில் டேவி, ராட்நாஃப் இருவரும் தனித்தனியே வெளியிட்டார்கள். இந்தப் பெருக்கம் முக்கியமானது. உடல் முழுவதிலும் கிராம் கணக்கில் இருக்கும் ஃபைப்ரினோஜனை மாற்ற, தொடக்கப் படியில் சில மில்லிகிராம் அளவே உள்ள காரணிகள் போதுமானவையாக இருப்பது அதனால்தான்.

இந்தக் காரணிகளில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது கல்லீரல். இவற்றோடு தட்டணுக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் வரை இருக்கும் தட்டணுக்கள், காயத்தின் விளிம்பில் முதலில் வந்து ஒட்டி, மேலே சொன்ன வேலைகள் நடப்பதற்கான தளத்தைத் தங்கள் மேற்பரப்பிலேயே தருகின்றன.

உடலுக்குள் இதையெல்லாம் தொடங்கி வைப்பது திசுக்காரணி. அது இரத்தக் குழாய்க்கு வெளியே உள்ள உயிரணுக்களின் மேல் இருக்கிறது. குழாய் கிழிந்து இரத்தம் வெளியே வந்து அதைத் தொட்டதும் ஏழாம் காரணி அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே காயம் பட்ட இடத்தில் மட்டும் உறைகிறது. அந்த இடத்தைத் தாண்டிப் பரவாமல் காக்க ஆன்டித்ராம்பின், புரதம் சி, புரதம் எஸ் என்ற தடுப்பான்களும், வேலை முடிந்த உறைவைக் கரைக்கப் பிளாஸ்மின் என்ற நொதியும் இருக்கின்றன. இடமறிந்து தொடங்குவதும் எல்லையறிந்து நிற்பதும் உறைதலின் இரண்டு பாதுகாப்புகள். கண்ணாடி விரியனின் நஞ்சு முதல் பாதுகாப்பை உடைத்து, இரண்டாவதைத் திணறடிக்கிறது.

பர்மியர் ‘ம்வே ப்வே’ என்று சொல்லும் இந்தப் பாம்பின் நஞ்சில், பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டும் ஒரு நொதி இருக்கிறது. நம் உடலின் ஏழாம், ஒன்பதாம் காரணிகள் பத்தாம் காரணியின் புரதச் சங்கிலியில் எந்த இடத்தில் வெட்டுகின்றனவோ, சரியாக அதே இடத்தில் இதுவும் வெட்டுகிறது. அதுவும் கால்சியம் இருந்தால்தான் வேலை செய்கிறது. இன்னொரு நொதி ஐந்தாம் காரணியைத் தூண்டுகிறது. பத்தாம் காரணியும் அதன் துணையும் ஒரே நேரத்தில் எழுப்பப்பட்டுவிட்டால் காயமும் வேண்டாம், திசுக்காரணியும் வேண்டாம். இரத்தம் ஓடும் இடமெல்லாம் த்ராம்பின் உண்டாகும். ஃபைப்ரினோஜன் எங்கும் ஃபைப்ரினாகும், நுண்ணிய உறைவுகள் சிறு குழாய்களில் தோன்றும். அதே வேகத்தில் பிளாஸ்மின் எழுந்து அவற்றைக் கரைக்கும். கரைந்து வரும் துண்டுகள் மறுபடி ஃபைப்ரினோஜன் ஆவதில்லை. புதிதாக உறைய முயலும் இரத்தத்துக்கு அவை இடைஞ்சலாகவும் இருக்கின்றன. கல்லீரல் நாள் முழுக்கத் தயாரித்தாலும் ஈடுகட்ட முடியாத வேகத்தில் இருப்பு தீர்ந்துபோகிறது. ஃபைப்ரினோஜன், ஐந்தாம் காரணி, பத்தாம் காரணி எல்லாம் சரிகின்றன, தட்டணுக்களும் குறைகின்றன.

கட்டியாக்கும் என்று சொன்னவர் நஞ்சின் செயலைச் சொன்னார். தண்ணீராக்கும் என்று சொன்னவர் அதன் விளைவைச் சொன்னார். உறைதல் அளவு மீறி நடந்து முடிந்துவிட்டதால்தான் இரத்தம் உறையாமல் இருக்கிறது.

இதோடு, சிறு இரத்தக் குழாய்களின் சுவரையே அரிக்கும் வேறு நொதிகளும் அந்த நஞ்சில் உண்டு. சுவர் பழுதாகி, அடைக்கும் பொருளும் தீர்ந்துபோனால், ஈறிலிருந்தும், ஊசி குத்திய இடத்திலிருந்தும், ஆறிப்போன பழைய புண்ணிலிருந்தும்கூட இரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும். நுண்ணுறைவுகள் அடைப்பதாலும் நஞ்சு நேராகத் தாக்குவதாலும் சிறுநீரகம் செயலிழப்பது பர்மிய விரியன் கடியில் அடிக்கடி நேர்வது. உங்கள் மருமகனுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளந்து எழுதச் சொன்னார்கள் என்று குறிப்பிட்டிருந்தீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

நஞ்சின் இந்தக் குணத்தை மருத்துவத்துக்கே பயன்படுத்தியவர் நான் மேலே சொன்ன மக்ஃபார்லேன். 1934-இல் அவர், பிறவியிலேயே இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா என்ற நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் கண்ணாடி விரியன் நஞ்சை மிக மிக நீர்த்த கரைசலாகச் சேர்த்துப் பார்த்தபோது, இயல்பாக உறைய நெடுநேரம் எடுக்கும் அந்த இரத்தம் விரைவாக உறைந்தது. பல் பிடுங்கிய இடத்தில் அந்தக் கரைசலைப் பஞ்சில் நனைத்து வைத்து இரத்தத்தை நிறுத்தவும் செய்தார்கள். அது ஏன் பலித்தது என்பது இன்று எளிதாக விளங்கும். ஹீமோஃபிலியாவில் இல்லாதது எட்டாம் காரணி அல்லது ஒன்பதாம் காரணி. அவற்றின் வேலை பத்தாம் காரணியைத் தூண்டுவது. நஞ்சு அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. உடலுக்குள் பாய்ந்தால் உயிரைப் பறிக்கும் அதே பொருள், காயத்தின் மேல் துளியளவு பட்டால் மருந்தாகிறது. உறைதல் நடக்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில், தானாக இரத்தம் கட்டும் ஒருவகை நோயைக் கண்டறியும் சோதனைக்கு இந்த நஞ்சை நீர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

இனி அந்தக் குழாய்ச் சோதனையைப் பற்றி. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத காரியமாகத் தெரியும். ஆனால் கிராமத்து மருத்துவ நிலையத்தில் உயிர் காப்பது பெரும்பாலும் இதுதான். சிரையிலிருந்து சுமார் 2 மில்லி லிட்டர் இரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, ஈரமில்லாத சிறு கண்ணாடிக் குழாயில் விட்டு, அறையின் வெப்பத்திலேயே, அசைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். இடையில் எடுத்து ஆட்டிப் பார்க்கக் கூடாது. இருபது நிமிடம் ஆனதும் ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். நலமுள்ளவரின் இரத்தம் குழாயோடு ஒட்டிய கட்டியாக இருக்கும், சாய்த்தாலும் நகராது. நஞ்சேறியவரின் இரத்தம் அப்போதுதான் எடுத்ததைப் போலச் சுவரில் வழிந்து குழாயின் வாய்க்கு ஓடி வரும். சில வேளைகளில் அடியில் நூல் போல ஓர் இழை மட்டும் மிதக்கும். அது சிறிதளவு ஃபைப்ரினோஜன் எஞ்சியிருப்பதன் அடையாளமே தவிர உறைந்ததாகக் கணக்கில்லை.

குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கண்ணாடியின் மேற்பரப்பு பன்னிரண்டாம் காரணியைத் தூண்டி, வெளியே எடுத்த இரத்தத்தில் உறைதலைத் தொடங்கி வைக்கிறது. பிளாஸ்டிக் அவ்வாறு செய்வதில்லை. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடியிலும் அந்தத் திறன் கெட்டுவிடும். பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று, தேவையில்லாதவருக்கு மருந்து ஏற்ற நேரிடும். இந்தப் பன்னிரண்டாம் காரணி உடலில் அறவே இல்லாதவர்களுக்கு இரத்தப்போக்கு நோய் எதுவும் வருவதில்லை என்பது வியப்பான செய்தி. உடலுக்குள் இரத்தப்போக்கை நிறுத்தத் திசுக்காரணி வழியே போதும்; கண்ணாடி வழி நம் சோதனைக்கு உதவுகிறது, அவ்வளவுதான்.

இரத்தம் உறையாமல் வழிந்தால், நம் பகுதியில் அது விரியன் வகைக் கடி என்று கொள்ளலாம். நல்லபாம்பும், பெயரில் மட்டும் விரியனான கட்டு விரியனும் இப்படிச் செய்வதில்லை, அவற்றின் நஞ்சு நரம்பையும் தசையையும் தாக்குவது. யாங்கோனைச் சுற்றி மிகுதியாக உள்ள பச்சை விரியன்களும் இரத்தத்தைத் தாக்குபவைதாம். ஆனால் அவற்றின் நஞ்சு பத்தாம் காரணி வழியாகப் போவதில்லை; த்ராம்பினைப் போலவே நேராக ஃபைப்ரினோஜனை வெட்டுகிறது. கண்ணாடி விரியனுக்கான மருந்து அதற்குப் பொருந்தாது என்பதால், பாம்பைப் பார்த்தவர்கள் நிறத்தையும் உடலில் இருந்த வளையங்களையும் மருத்துவரிடம் சொல்வது பெரிய உதவி.

ஆறு மணி நேரம் ஏன் காத்திருந்தார்கள்? விஷமுறிவு மருந்து இரத்தத்தில் உள்ள நஞ்சைப் பிடித்து முடக்குகிறது. செலவாகிப்போன ஃபைப்ரினோஜனை அது திருப்பித் தருவதில்லை. புதிதாகச் செய்து நிரப்ப வேண்டியது கல்லீரல்; குழாயில் உறையும் அளவுக்கு நிரம்ப அதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். மருந்து ஏற்றி ஒரு மணி நேரத்தில் சோதித்து ‘இன்னும் உறையவில்லை’ என்று பதறி மேலும் மருந்து ஏற்றுவது வீண். ஆறு மணி நேரம் கழித்தும் உறையாவிட்டால் நஞ்சு இன்னும் முடங்கவில்லை, இன்னும் மருந்து வேண்டும் என்று பொருள். ஒருமுறை உறைந்தபின்பும் மறுநாள் வரை சோதனையைத் தொடர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். கடிவாயில் தேங்கிய நஞ்சு மெல்லக் கசிந்து வந்து மறுபடியும் உறைதலைக் கெடுக்கக்கூடும் என்பதால் அது மிகச் சரியான கவனம்.

வைட்டமின் கே பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அந்த ஊசி இரத்தத்தை நிறுத்தும் என்று பலரும் கேள்விப்பட்டிருக்கிறோம். புரோத்ராம்பினையும் ஏழாம், ஒன்பதாம், பத்தாம் காரணிகளையும் கால்சியத்தோடு சேரும் தகுதியுள்ளவையாகக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே தேவை. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளில் இதன் குறைபாட்டைக் கண்டறிந்தார். அதற்காக 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பிறந்த குழந்தைக்கும், இரத்தம் உறைவதைக் குறைக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை அளவு மீறியவருக்கும், பித்த நாளம் அடைபட்டவருக்கும் அது கைகண்ட மருந்து. விரியன் கடித்தவரிடம் தயாரிப்பில் குறை இல்லை, தயாரித்ததெல்லாம் அழிகிறது. ஃபைப்ரினோஜனுக்கோ வைட்டமின் கே தேவையே இல்லை. மேலும், உறையாத இரத்தம் உள்ளவருக்குத் தசையில் எந்த ஊசி போட்டாலும் அங்கே இரத்தம் கட்டி வீங்கும். பிளாஸ்மா ஏற்றுவதும் அப்படியே. நஞ்சை முடக்காமல் பிளாஸ்மா ஏற்றுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகத்தான் முடியும். உறைதலைத் தடுத்தால் காரணிகள் தீராமல் மிஞ்சுமே என்ற எண்ணத்தில் ஹெப்பரின் என்ற உறைதல் தடுப்பு மருந்தை 1980-களில் பர்மாவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். பலன் இல்லை, இன்று அதைத் தருவதுமில்லை.

வீட்டில் முருங்கைக்கீரையும், பர்மியர் சின்பாங் என்று சமைக்கும் புளிச்சகீரையும் நிறையக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இரத்தம் உறைவதற்காக என்று எண்ண வேண்டாம். குழாயில் உறைந்த அன்றே அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது. அவனுக்கு இனி இரத்தம் ‘இளகிய’ உடம்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து மருந்து வாங்கி ஊரில் இருப்பு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தமிழ்நாட்டில் இருக்கும் கண்ணாடி விரியனும் இங்கே இருப்பதும் நெருங்கிய உறவு, ஆனால் இன்று தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டவை. நஞ்சிலும் வேறுபாடு உண்டு. அங்கே நான்கு வகைப் பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்யும் மருந்து இங்குள்ள விரியனுக்கு அவ்வளவாக எடுபடுவதில்லை. இன்செயினில் உள்ள அரசு மருந்துத் தொழிற்சாலை இங்குள்ள விரியனின் நஞ்சைக் கொண்டே செய்யும் மருந்துதான் நமக்கு உரியது. அதையும் வீட்டில் வைத்துப் போட முடியாது. ஒவ்வாமை கடுமையாக வரக்கூடும் என்பதால் மருத்துவர் அருகில் இருந்தே ஏற்ற வேண்டும்.

பெகு, தட்டோன், துவாந்தே பக்கத்தில் வயல் வேலையில் இருக்கும் நம் மக்களிடம் நீங்கள் சொல்லக்கூடிய ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் உறையாத இரத்தத்துக்குப் புதிய வாசல் திறப்பது. கயிற்றை இறுக்கிக் கட்டினால் கால் அழுகும். அடிபட்ட எலும்புக்குச் செய்வதைப் போலக் காலை மட்டை வைத்துக் கட்டி, நடக்க விடாமல் படுக்க வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. தட்டணுக்களின் வேலையை அது கெடுக்கும். திருநீறு மந்திரித்துப் பூசுவோரை நான் குறை சொல்ல மாட்டேன், அதை வண்டியில் போகும்போதே பூசிக்கொள்ளலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பர்மிய விரியன் கடியில் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குள் இரத்தம் கசிந்து அது பழுதாவதுண்டு. பர்மிய மருத்துவர்களும் ஆங்கிலேய மருத்துவர்களும் சேர்ந்து 1987-இல் இதை விரிவாக எழுதினார்கள். அது உடனே தெரியாமல் மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்துத் தெரியலாம். பையனுக்குக் காரணமில்லாத அசதி, குளிர் தாங்காமை, அடிக்கடி மயக்கம், மீசை தாடி வளராமை அல்லது இருந்தது உதிர்தல் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால், இரத்தசோகை என்று சத்து மருந்து வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாமல், மருத்துவரிடம் பழைய பாம்புக்கடியைச் சொல்லி, தைராய்டு, கார்ட்டிசோல் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குறை இருந்தால் மாத்திரையால் ஈடு செய்ய முடியும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கடித்த தேதியும், எத்தனை குப்பி மருந்து ஏற்றினார்கள் என்பதும் அதில் இருக்கும்.